கையில் கட்டுச்சோறு, காதில் எல்லைக் கதை: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மதிய உரைகளில் என்ன விசேஷம்?

மதியம் 12 மணி. ஆபீஸில் டிபன் பாக்ஸ் திறக்கிற நேரம். ஒரு கையில் சாப்பாடு, இன்னொரு கையில் போன் என்று பலருக்கும் அந்த ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று இந்த நேரத்துக்கு வேறொரு வேலை வைத்திருக்கிறது. 'உங்க சாப்பாட்டை நீங்களே எடுத்துட்டு வாங்க, ஒரு வரலாற்று ஆய்வாளர் பேசுவார், கேளுங்க' என்பதுதான் அழைப்பு. கட்டணம் கிடையாது. மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும் வரலாம், பக்கத்துக் கடைக்காரரும் வரலாம்.

பேசப்படுவது பெரும்பாலும் எல்லைப்பகுதிகளின் வரலாறு. அமெரிக்காவும் மெக்சிகோவும் சந்திக்கும் நிலத்தில் யார் வாழ்ந்தார்கள், யார் ஆண்டார்கள், கோடு எப்படி வந்தது, வந்த பிறகு என்ன ஆனது என்ற கதைகள். 'இதைச் சாப்பாட்டு நேரத்தில் பேச வேண்டிய அவசியம் என்ன?' என்று தோன்றலாம். எல்லையில் நடந்த சில விஷயங்கள் பொதுவெளிக்கு வர 100 ஆண்டு ஆகியிருக்கிறது. ஆய்வாளரும் பொதுமக்களும் ஒரே அறையில் உட்கார்வது ஏன் முக்கியம் என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

'பிரவுன் பேக்' என்றால் என்ன?

அமெரிக்காவில் மதியச் சாப்பாட்டைப் பழுப்பு நிறக் காகிதப் பையில் கட்டி எடுத்துப்போகும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. நம்மூர்க் கட்டுச்சோறு மாதிரி. அந்தப் பையோடு வந்து உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு 'பிரவுன் பேக்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகங்கள், அருங்காட்சியகங்கள், அரசு அலுவலகங்கள், கம்பெனிகள் எல்லாவற்றிலும் இந்த வகைக் கூட்டங்கள் நடக்கின்றன.

இதன் விதிகள் ரொம்ப எளிமை. ஏற்பாட்டாளர் விருந்து வைப்பதில்லை, அதனால் செலவு குறைவு. பேசுபவருக்குப் பொன்னாடை, மாலை மரியாதை எதுவும் கிடையாது. முக்கால் மணி நேரம் போலப் பேச்சு, மீதி நேரம் கேள்வி. ஒரு மணிக்கு எல்லோரும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் பேச்சு நீளவும் வழியில்லை.

இந்தப் பெயருக்கே ஒரு சர்ச்சையும் உண்டு. 2013-ல் சியாட்டில் நகர நிர்வாகத்தின் சிவில் உரிமைகள் பிரிவு, 'பிரவுன் பேக்' என்ற சொல்லைத் தவிர்க்கலாம் என்று ஊழியர்களுக்குப் பரிந்துரைத்தது. ஒருகாலத்தில் கறுப்பின மக்களின் தோல் நிறத்தைப் பழுப்புக் காகிதப் பையோடு ஒப்பிட்டு, பையைவிடக் கறுப்பாக இருந்தால் சில இடங்களில் உள்ளே விடாத வழக்கம் இருந்தது என்பதுதான் காரணம். 'சாப்பாட்டுப் பைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று எதிர்க்குரலும் எழுந்தது. பல இடங்களில் இப்போது 'மதிய உரை' என்று பொதுவாகவே சொல்கிறார்கள்.

டல்லாஸில் நடப்பது என்ன?

சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எஸ்.எம்.யூ., 1911-ல் தொடங்கப்பட்டது. அங்கே 1996-ல் 'வில்லியம் பி. கிளமென்ட்ஸ் தென்மேற்கு ஆய்வு மையம்' உருவானது. எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலில் சம்பாதித்து, இரண்டு முறை டெக்சஸ் ஆளுநராக இருந்தவரின் பெயர் அது. மையத்தின் முதல் இயக்குநர் டேவிட் ஜே. வெபர். வட அமெரிக்காவில் ஸ்பெயினின் ஆட்சி பற்றி 1992-ல் அவர் வெளியிட்ட நூல் இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. அவருடைய பணிக்காக ஸ்பெயினும் மெக்சிகோவும் உயரிய விருதுகள் கொடுத்துக் கௌரவித்தன. 2010-ல் அவர் காலமானார்.

இந்த மையம் ஆண்டுதோறும் சில ஆய்வாளர்களுக்கு நிதி கொடுத்து டல்லாஸுக்கு வரவழைக்கிறது. வருபவர்களிடம் பாதி முடிந்த புத்தகம் இருக்கும். அதை முழுமையாக்குவதுதான் அவர்கள் வேலை. மூத்த அறிஞர்கள் கையெழுத்துப் பிரதியை வரிவரியாக விவாதிக்கும் கூட்டமும் நடத்தப்படுகிறது. இன்னொரு பக்கம், அதே ஆய்வாளர் மதிய உரையில் பொதுமக்கள் முன்பும் நிற்க வேண்டும்.

உரைகளுக்கு இடம் கொடுத்துவருவது பல்கலைக்கழக வளாகத்தின் டிகோலியர் நூலகம். அமெரிக்க மேற்குப் பகுதி பற்றிய அரிய நூல்கள், கடிதங்கள், புகைப்படங்கள், வரைபடங்கள் சேர்ந்திருக்கும் இடம். பேச்சாளர் சொல்லும் காலத்தின் காகிதங்கள் அதே கட்டடத்துக்குள் இருக்கின்றன.

இப்படி வந்த புத்தகங்கள் துறையையே திருப்பிப் போட்டிருக்கின்றன. பின்லாந்தைச் சேர்ந்த பெக்கா ஹமாலைனன் எழுதி 2008-ல் வெளியான 'கமாஞ்சி பேரரசு' என்ற நூல், இந்த மையத்தின் இணைவில் வந்ததுதான். அமெரிக்க வரலாற்று நூல்களுக்கான முக்கிய விருதான பான்கிராஃப்ட் பரிசையும் பெற்றது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

எல்லை வேறு, எல்லைப்பகுதி வேறா?

ஆமாம், வேறுதான். எல்லை என்பது வரைபடத்தில் உள்ள கோடு. எல்லைப்பகுதி என்பது அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் நிலம், சந்தை, கல்யாண உறவு, மொழி, பகை எல்லாம் சேர்ந்தது. கோட்டின் வரலாற்றைத் தலைநகர ஆவணங்களில் படித்துவிடலாம். நிலத்தின் வரலாறு அங்கே முழுதாகக் கிடைக்காது.

1893-ல் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நகர்ந்த குடியேற்றம்தான் அமெரிக்கர்களின் குணத்தையே செதுக்கியது என்று வாதிட்டார். அமெரிக்கப் பள்ளிப் பாடங்களில் இது வெகுகாலம் கோலோச்சியது. இந்தப் பார்வையில் மேற்கு என்பது கிட்டத்தட்ட காலி நிலம்.

ஹெர்பர்ட் யூஜின் போல்டன் வேறு மாதிரி பார்த்தார். ஃபுளோரிடா முதல் கலிஃபோர்னியா வரை ஆங்கிலேயர்களுக்கு முன்பே ஸ்பானியர்கள் ஊர், கோட்டை, தேவாலயம் கட்டியிருந்தார்களே, அது வரலாறு இல்லையா என்று கேட்டார். 1921-ல் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியாக 'ஸ்பானிய எல்லைப்பகுதிகள்' என்ற சொல் நிலைத்தது. அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த தலைமுறைகள் மெக்சிகர்களையும், ஸ்பானியர்களுக்கும் முந்தைய பூர்வகுடிகளையும் கதையின் நடுவே கொண்டுவந்தன.

வீட்டைவிட்டு நகராமலே நாடு மாறினால்?

டெக்சஸின் சான் அன்டோனியோ நகரில் 1820-ல் ஒரு குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும்போது அது ஸ்பெயின் மன்னரின் குடி. அடுத்த ஆண்டே மெக்சிகோ சுதந்திரம் பெறுகிறது, குழந்தை மெக்சிகர். 1836-ல் டெக்சஸ் தனிநாடு. 1845-ல் டெக்சஸ் அமெரிக்காவோடு இணைகிறது. 1861-ல் அமெரிக்காவைவிட்டுப் பிரிந்த தெற்கு மாநிலங்களோடு சேர்கிறது. 1865-ல் போர் முடிந்து மீண்டும் அமெரிக்கா. 45 வயதுக்குள் ஐந்து ஆட்சி மாற்றம், அதுவும் வீட்டுவாசலைத் தாண்டாமலே!

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. ஹுவான் செகீன் என்பவரின் வாழ்க்கை கிட்டத்தட்ட இப்படித்தான் போனது. 1806-ல் சான் அன்டோனியோவில் பிறந்தவர். மெக்சிகோவை எதிர்த்து டெக்சஸ் விடுதலைக்காகப் போரிட்டார். பிறகு அதே ஊருக்கு மேயரானார். ஆனால், புதிதாக வந்து குவிந்த ஆங்கிலோ குடியேறிகள் மெக்சிகோ வம்சாவளியினர் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1842-ல் செகீன் பதவியையும் ஊரையும் விட்டு மெக்சிகோவுக்குப் போக நேர்ந்தது. அடுத்து வந்த போரில் மெக்சிகோ தரப்பில் நின்றார். பிறகு டெக்சஸ் திரும்பினார். கடைசியில் எல்லைக்கு அந்தப் பக்கம் நுவேவோ லாரேடோவில் 1890-ல் இறந்தார்.

அவர் தியாகியா, துரோகியா? இரண்டு நாடுகளின் பாடநூல்களுக்கும் அவர் தலைவலி. எல்லைப்பகுதி வரலாற்றில் மட்டும்தான் அவருடைய வாழ்க்கை ஒரே ஆளின் வாழ்க்கையாகத் தெரியும்: நாடுகள் மாறிக்கொண்டிருந்தபோது சொந்த ஊரைக் காப்பாற்றப் பார்த்த ஒருவர்.

1848 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம் இதைப் பெரிய அளவில் செய்தது. போரில் தோற்ற மெக்சிகோ, இன்றைய கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா முழுவதையும், அரிசோனா, நியூ மெக்சிகோவின் பெரும்பகுதியையும், இன்னும் சில பகுதிகளையும் அமெரிக்காவிடம் கொடுத்தது. பதிலுக்கு 1.5 கோடி டாலர். அங்கே இருந்த மெக்சிகர்கள் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று முடிவெடுக்க ஓர் ஆண்டு அவகாசம். சொத்துக்குப் பாதுகாப்பு என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் 1851-ல் கலிஃபோர்னியாவுக்காக வந்த நிலச் சட்டம், பழைய உரிமையாளர்கள் தங்கள் நிலம் தங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. வழக்குச் செலவிலேயே நிலத்தை இழந்தவர்கள் ஏராளம்.

'நாங்க எல்லையைத் தாண்டல, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போச்சு' என்று அங்குள்ள மெக்சிகோ வம்சாவளியினர் இன்றும் சொல்வது இதனால்தான்.

ஆறு நகர்ந்தால் எல்லையும் நகருமா?

டெக்சஸுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே எல்லை என்பது ரியோ கிராண்டே ஆறு. மெக்சிகோவில் இதற்கு ரியோ பிராவோ என்று பெயர். ஆற்றை எல்லையாக வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆறு ஒரே இடத்தில் இருக்காது.

எல் பாசோ என்ற அமெரிக்க நகருக்கும் ஹுவாரெஸ் என்ற மெக்சிகோ நகருக்கும் இடையே, 1850-களிலும் 60-களிலும் ஆறு தெற்கே நகர்ந்தது. 1864 வெள்ளத்தில் பெரிய மாற்றம். மெக்சிகோ பக்கம் இருந்த சாமிசால் என்ற பகுதி, சுமார் 600 ஏக்கர், அமெரிக்கக் கரைக்குப் போய்விட்டது. நிலம் யாருக்கு?

1884-ல் இரு நாடுகளும் ஒரு விதி வகுத்தன. ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். திடீரென்று பாய்ந்து புது வழி பிடித்தால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சாமிசாலில் நடந்தது மெதுவான நகர்வா, திடீர்ப் பாய்ச்சலா? அங்கேதான் சண்டை. 1911-ல் கனடா நாட்டுச் சட்ட அறிஞர் ஒருவரை நடுவராகக் கொண்ட குழு, நிலத்தின் ஒரு பகுதி மெக்சிகோவுக்கு என்றது. அமெரிக்கா ஏற்க மறுத்தது.

1963-ல்தான் ஒப்பந்தம் வந்தது. மெக்சிகோவுக்கு நிலம் திரும்பியது. இனிமேல் ஆறு நகரக் கூடாது என்று கான்கிரீட் கால்வாய் கட்டி அதற்குள் ஆற்றை விட்டார்கள். ராஜதந்திர வெற்றி என்று பாராட்டப்பட்ட நிகழ்வு இது. இரண்டு நாட்டு அதிபர்களும் வந்து விழா எடுத்தார்கள்.

ஆனால், திருப்பிக் கொடுத்த நிலத்தில் எல் பாசோவின் குடியிருப்புகள் இருந்தன. 5,000-க்கும் மேற்பட்டோர் வீட்டைக் காலிசெய்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோ வம்சாவளியினர், ஆனால் அமெரிக்கக் குடிகள். ஒப்பந்தத்தின் கதையைத் தலைநகர ஆவணங்கள் சொல்லும். பக்கத்து வீட்டு மாமரம் போல, அங்கே விட்டுவந்த பள்ளிக்கூடம், தேவாலயம், தெரு பற்றிய கதையை அந்தக் குடும்பங்கள்தான் சொல்ல முடியும்.

வரைபடத்தில் இல்லாத பேரரசு

இனி கமாஞ்சி கதை. 18, 19-ம் நூற்றாண்டு வரைபடங்களைப் பார்த்தால் டெக்சஸின் மேற்குப் பகுதி ஸ்பெயினுடையது, பிறகு மெக்சிகோவுடையது என்று நிறம் பூசியிருக்கும். தரையில் நிலைமை வேறு. அங்கே அதிகாரம் செலுத்தியவர்கள் கமாஞ்சி என்ற பூர்வகுடியினர்.

ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரையை அவர்கள் ஸ்பானியர்களைவிட நன்றாகப் பயன்படுத்தினார்கள். குதிரை வளர்த்தார்கள், விற்றார்கள், காட்டெருமைத் தோல் வணிகம் செய்தார்கள், ஆட்களைச் சிறைபிடித்து அடிமைகளாக வைத்தார்கள், விற்றார்கள். 1786-ல் ஸ்பானிய ஆட்சியே அவர்களோடு சமாதான ஒப்பந்தம் போட்டது. 1830, 40-களில் வடக்கு மெக்சிகோவுக்குள் பல நூறு கிலோமீட்டர் இறங்கிச் சூறையாடினார்கள். அமெரிக்கப் படை 1846-ல் உள்ளே நுழைந்தபோது, வடக்கு மெக்சிகோ ஏற்கெனவே உருக்குலைந்து கிடந்தது. அமெரிக்காவின் வெற்றியில் பூர்வகுடிகளின் இந்தத் தாக்குதல்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று பிரையன் டிலே என்ற வரலாற்றாசிரியரும் 2008-லேயே விரிவாக எழுதினார்.

இதற்கான ஆதாரம் யாரும் ஒளித்துவைத்ததல்ல. 1848 ஒப்பந்தத்தின் 11-வது பிரிவே, எல்லை தாண்டி மெக்சிகோவுக்குள் போகும் பூர்வகுடித் தாக்குதல்களை அமெரிக்கா தடுக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவால் முடியவில்லை. சில ஆண்டுகளிலேயே, 1853-ல் கையெழுத்தான அடுத்த நில ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டது. காகிதம் எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. 'பூர்வகுடிகள் தோற்றவர்கள்' என்ற பழைய கதை அதைப் பார்க்க விடவில்லை.

இந்த வாதத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நிரந்தரத் தலைநகரம், எழுத்தர், வரி வசூல் இல்லாத ஒன்றைப் பேரரசு என்று சொல்லலாமா என்ற விவாதம் தொடர்கிறது. மதிய உரைகளுக்குத் தீனி இந்த மாதிரி விவாதங்கள்தான்.

எல்லையில் ஒரு இந்தியக் கதை

கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு மெக்சிகோ எல்லையை ஒட்டிய விவசாயப் பகுதி. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து போன விவசாயிகள் பலர் அங்கே குடியேறினார்கள். 1913-ல் வந்த சட்டம், குடியுரிமைக்குத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றது. 1917-ல் வந்த குடிவரவுச் சட்டம் ஆசியர்களின் வருகையை அடைத்தது. ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர வழியில்லை. வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்யவும் மாநிலச் சட்டம் தடை.

அவர்களில் பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு பேரின் தோல் நிறமும் ஒரேபோல் இருக்கிறது என்று திருமணப் பதிவு எழுத்தர் கண்ணால் பார்த்து முடிவு செய்தால் உரிமம் கிடைத்துவிடும். வீட்டில் ரொட்டியும் டார்டியாவும், பிள்ளைகளுக்கு ஸ்பானியப் பெயரோடு சிங் என்ற பெயரும். சீக்கியரோ முஸ்லிமோ, எல்லோரையும் அக்கம்பக்கத்தினர் 'இந்து' என்றே கூப்பிட்டார்கள்.

மானுடவியலாளர் கேரன் லெனார்ட் இந்தக் குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்து 1992-ல் நூல் வெளியிட்டார். நிலப் பதிவு, திருமணப் பதிவு எல்லாம் அரசு அலுவலகத்தில் இருந்தன. அவற்றுக்கு உயிர் கொடுத்தது அந்தப் பிள்ளைகள் சொன்ன நினைவுகள்.

100 ஆண்டு வாய் திறக்காத ஊர்

எல்லைப்பகுதி வரலாறு சுவாரஸ்யமான துணுக்குகளின் தொகுப்பு மட்டுமில்லை என்பதற்கு ஒரே ஊர் போதும்: போர்வெனிர். ஸ்பானிய மொழியில் 'வருங்காலம்' என்று பொருள்.

மேற்கு டெக்சஸில், ரியோ கிராண்டே கரையில் இருந்த சின்ன விவசாய ஊர். மெக்சிகோவில் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். எல்லை முழுக்கப் பதற்றம். பக்கத்துப் பண்ணை ஒன்றில் நடந்த கொள்ளைக்கு இந்த ஊர்க்காரர்களே காரணம் என்று சந்தேகம். 1918 ஜனவரி 28 அதிகாலையில், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் என்ற மாநிலக் காவல் படையினரும் உள்ளூர்ப் பண்ணையாளர்களும் ஊருக்குள் நுழைந்தார்கள். அமெரிக்க ராணுவத்தின் குதிரைப் படையினரும் உடன் வந்திருந்தார்கள். ஆண்களும் சிறுவர்களுமாக 15 பேரைத் தனியே பிரித்துக் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை இல்லை, வழக்கு இல்லை. மீதிப் பேர் ஆற்றைத் தாண்டி மெக்சிகோவுக்கு ஓடினார்கள். ஊரே அழிந்தது.

உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஹாரி வாரன் இறந்தவர்களின் பெயர்களை எழுதிவைத்தார். 1919-ல் டெக்சஸ் சட்டமன்றத்தில், மெக்சிகோ வம்சாவளி உறுப்பினரான ஹோசே டி. கனாலெஸ் ரேஞ்சர்ஸ் மீது விசாரணை கேட்டார். விசாரணை நடந்தது. படையின் அளவு குறைக்கப்பட்டது. ஆனால் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. சாட்சியங்களின் பதிவு அச்சாகாமல் பல பத்தாண்டுகள் கிடந்தது. டெக்சஸ் பள்ளிப் பிள்ளைகள் ரேஞ்சர்ஸை வீரர்களாக மட்டுமே படித்தார்கள். கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள் மட்டும் வேறு கதை கேட்டு வளர்ந்தார்கள்.

2013-ல் சில வரலாற்றுப் பேராசிரியர்கள் சேர்ந்து 'மறக்க மறுக்கிறோம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். ஆவணக் காப்பகத்தில் இருந்ததையும் குடும்பங்கள் பத்திரப்படுத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 2016-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் மாநில வரலாற்று அருங்காட்சியகத்தில், 1910 முதல் 1920 வரை எல்லையில் நடந்த வன்முறை பற்றிக் கண்காட்சி நடந்தது. 2018 நவம்பரில், உள்ளூரில் எழுந்த ஆட்சேபங்களையும் தாண்டி, மார்ஃபா என்ற ஊருக்கு மேற்கே நெடுஞ்சாலை ஓரத்தில் போர்வெனிருக்கு மாநில அரசின் நினைவுப் பலகை நடப்பட்டது. சம்பவம் நடந்து 100 ஆண்டு கழித்து.

இந்தக் குழுவில் ஒருவரான மோனிகா முன்யோஸ் மார்ட்டினெஸ், இந்த வன்முறைகளும் குடும்பங்களின் நினைவும் பற்றி அதே 2018-ல் நூல் வெளியிட்டார். அந்தக் குடும்பங்கள் காகிதங்களைத் தூக்கிப் போட்டிருந்தால், அல்லது ஆய்வாளர்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால், பலகை வந்திருக்காது.

சரி, இதில் மதிய உரைக்கு என்ன பங்கு?

பொதுவாக ஆய்வாளர் தன் ஆய்வை மூன்று இடங்களில் சொல்வார். ஒன்று, சக ஆய்வாளர்கள் மாநாடு. இரண்டு, ஆய்விதழ் அல்லது புத்தகம். மூன்று, வகுப்பறை. மூன்றிலும் கேட்பவர் அந்த வட்டத்துக்குள் இருப்பவர்.

மதிய உரையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. முதல் வரிசையில் பேராசிரியர் இருக்கலாம், மூன்றாம் வரிசையில் அந்தச் சம்பவம் நடந்த ஊரில் பிறந்தவர் இருக்கலாம். 'நீங்க சொல்ற ஆற்றுத்துறைக்கு எங்க ஊர்ல வேற பேரு' என்றோ, 'எங்க தாத்தா கடிதம் வீட்டுல இருக்கு' என்றோ யாராவது சொன்னால், அது ஆய்வாளருக்கு எந்தக் காப்பகத்திலும் கிடைக்காத தடயம். புத்தகம் அச்சாகும் முன்பே அது கிடைப்பதால் திருத்தவும் நேரம் இருக்கிறது.

கேட்பவருக்கும் லாபம். புத்தகமாக வந்த வரலாறு முடிந்துபோன தீர்ப்பு மாதிரி தெரியும். பாதியில் இருக்கும் ஆய்வைக் கேட்கும்போது, இந்த ஆதாரம் வலுவானது, இது ஊகம், இங்கே இடைவெளி இருக்கிறது என்று வேலை நடப்பதே கண்ணுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வரும் 'மறைக்கப்பட்ட வரலாறு' பதிவுகளை எப்படிச் சந்தேகிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

எல் பாசோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் இதை இன்னொரு விதமாகச் செய்கிறது. எல்லைப்பகுதி வரலாற்றிலேயே முனைவர் பட்டம் வழங்கும் அந்த வளாகத்திலிருந்து பார்த்தால் ஹுவாரெஸ் நகர வீடுகள் தெரியும். 1972 முதல் அங்கே வாய்மொழி வரலாற்று நிறுவனம் இயங்குகிறது. 1942 முதல் 1964 வரை ஒப்பந்தக் கூலிகளாக அமெரிக்க வயல்களுக்கு வந்த 'பிரசேரோ' எனும் மெக்சிகோ தொழிலாளர்களின் குரல்களை அது பதிவு செய்திருக்கிறது. அந்த 22 ஆண்டுகளில் போடப்பட்ட ஒப்பந்தங்கள் சுமார் 46 லட்சம். எண்ணிக்கை அரசிடம் இருந்தது. எல்லையில் வரிசையில் நிற்கவைத்து உடம்பில் டி.டி.டி. பூச்சிமருந்து தெளித்தபோது எப்படி இருந்தது என்பதைத் தொழிலாளர்கள்தான் சொன்னார்கள்.

குறையே இல்லையா?

இருக்கிறது. முதல் குறை, நேரம். வார நாளில் மதியம் 12 மணிக்கு யார் வர முடியும்? பேராசிரியர், மாணவர், ஓய்வுபெற்றவர், பக்கத்தில் வேலை பார்த்து ஒரு மணி நேரம் வெளியே வர முடிந்தவர். கட்டட வேலை, ஹோட்டல் சமையலறை, வயல் வேலை பார்ப்பவர் வர முடியாது. டெக்சஸில் இந்த வேலைகளில் எல்லைப்பகுதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நிறைய. யாருடைய வரலாறு பேசப்படுகிறதோ அவரே அறையில் இல்லாமல் போகிற ஆபத்து இது.

இரண்டாவது, தூரம். டல்லாஸிலிருந்து எல் பாசோவுக்குச் சாலைவழியே சுமார் 1,000 கி.மீ. எல்லையைப் பற்றிய பேச்சு எல்லைக்கு வெகுதொலைவில் நடக்கிறது. ஆய்வு நிதியும் நூலகமும் பெருநகரத்தில் இருப்பதால் வரும் நிலைமை.

மூன்றாவது, மொழி. உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நினைவுகள் பெரும்பாலும் ஸ்பானியத்திலும் பூர்வகுடி மொழிகளிலும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத அறையில், முக்கியமான ஒரு சாட்சி கடைசிவரை வாயே திறக்காமல் எழுந்துபோகலாம்.

கொரோனா காலத்துக்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் உரைகளை இணையத்தில் நேரலையாகவும் பதிவாகவும் தருவது முதல் இரண்டு குறைகளைக் கொஞ்சம் தணித்திருக்கிறது. ஆனால் பதிவைப் பார்ப்பவரால் 'எங்க தாத்தா கடிதம் வீட்டுல இருக்கு' என்று சொல்ல முடியாது. நினைவுப் பலகை வரை கொண்டுபோகும் தடயங்கள் கிடைப்பது அந்தக் கேள்வி நேரத்தில்தான்.

ஆர்வமிருந்தால் எப்படிக் கேட்பது?

இந்த மாதிரி உரைகளின் பதிவு கிடைத்தால், மூன்று விஷயங்களைக் கவனித்தபடி கேட்கலாம்.

* பேச்சாளர் காட்டும் ஆதாரம் யார் எழுதியது? அரசா, ராணுவமா, பாதிரியாரா, ஊர்க்காரரா?
* கோட்டின் இரண்டு பக்க ஆவணங்களையும் பார்த்தாரா? ஒரு பக்கம் 'கொள்ளைக்காரன்' என்று எழுதியவரை மறுபக்கம் 'போராளி' என்று எழுதியிருக்கும்.
* உரை முடிந்த பிறகு வரும் கேள்விகளில் உள்ளூர்க்காரர் யாராவது பேசினாரா? பேசினால் அந்தப் பகுதியை மட்டும் இரண்டாவது முறை கேட்பது நல்லது.

டல்லாஸ் வளாகத்துக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் சுலபம். பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வீட்டுப் பரணில் பழைய கடிதமோ நிலப் பத்திரமோ இருந்தால், அதைத் தூக்கிப் போடும் முன்பு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.